மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

செய்தி முதலில் ஜெருஷாவுக்குத்தான் வந்தது. பாடசாலை இடைவேளையில், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "அபி, நித்யா அக்கா போயிட்டா" என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை. "உனக்கு ஆர் சொன்னது?" என்றுதான் கேட்டேன். நித்யா அக்காவோடு ஒரே வீட்டில் குடியிருந்த பிரியா அக்கா அழைத்துச் சொன்னாராம். நினைவுக் கூட்டத்துக்கு ட்ரம்பெட்டை எடுத்து வரச் சொன்னாராம். பிரியா அக்காவிடம் என் எண்ணும் இருக்கிறது. ஆனால் என்னிடம் ட்ரம்பெட் இல்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் நித்யா அக்காவைப் பல்கலைக்கழகத்தில் அறிந்தவர்கள். தூத்துக்குடியில் பிறந்து, ஜப்பானில் முனைவர் பட்டம் பெற்று, டோர்ட்மண்டுக்கு வந்து உலோகங்கள் களைத்துப்போவதைப் பற்றி ஆராய்ந்தவர் என்று உங்களுக்குத் தெரியும். உலோகம் களைக்குமா என்று நான் கேட்டபோது, "உங்க அப்பா மாதிரிதான், திரும்பத் திரும்ப ஷிஃப்ட் பாத்தா ஒரு நாள் ஒடஞ்சிரும்" என்றார். எனக்கு அவரை ஆய்வுகூடத்தில் தெரியாது. மைதானத்தில், முன்பக்கமாகத் தெரியும். அதை எழுதத்தான் எனக்கு இந்தப் பக்கத்தைத் தந்திருக்கிறார்கள்.

எங்கள் நகரத்தில் ஒரு சிறிய பேஸ்போல் கழகம் இருப்பது தமிழர்களில் அநேகருக்குத் தெரியாது. ஜெருஷாவின் அண்ணன் அன்ரன் அதில் விளையாடுவதால் நாங்கள் போகத் தொடங்கினோம். என் அப்பா ஒருமுறை வந்து பார்த்தார். பந்து பிடிப்பவருக்கும் முகமூடி, நடுவருக்கும் முகமூடி. "இதென்ன, கள்ளரின்ர கிரிக்கெட்டோ?" என்றார். அன்ரன் எறிபவரின் கண்ணில் மண்ணைத் தூவி அடுத்த தளத்துக்கு ஓடியதும், அதற்குப் பெயரே தளத்தைத் திருடுவது என்று நான் விளக்கினேன். "நான் சொன்னனான்" என்றார் அப்பா.

அன்றுதான் நித்யா அக்காவை முதலில் பார்த்தோம். பார்வையாளர்கள் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். எல்லோரும் பாணுக்குள் வைத்த சொசேஜைக் கடித்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள். எங்கள் அணி மட்டை பிடிக்க வந்ததும், கழுத்தில் பச்சைத் துவாயோடு ஓர் அக்கா எழுந்து எங்கள் பக்கம் திரும்பி நின்று தனியாகப் பாடத் தொடங்கினார். ஜப்பானிய மொழிப் பாட்டு. நடுவில் மட்டும் "மார்க்கோ" என்று எங்கள் வீரரின் பெயர் வந்தது. மார்க்கோ திகைத்துப்போய் அடிக்க வேண்டிய பந்தை விட்டுவிட்டான். மூன்று பேர் ஆட்டமிழந்து எதிரணி மட்டை பிடிக்க வந்தபோது, அவர் பேசாமல் உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டார். "உந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் போனவள் நான். இதை இங்கே பதிந்துவைக்கிறேன், ஏனென்றால் ஜெருஷா தானும் கூடவே வந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

எதிரணியின் ஆள் மட்டையோடு நின்றபோது, கிரிக்கெட்டில் எங்கள் ஆட்கள் செய்வதுபோல் நான் கத்திக் குழப்பப் பார்த்தேன். அவர் கரண்டியால் என் கையில் தட்டினார். "ஏட்டி, இது அவங்க டர்ன். அவங்க பாடட்டும்." அவர்களுக்குப் பாட ஒருவருமில்லை என்றேன். "அப்ப அந்த அமைதி அவங்களோடது. அதையும் நாம எடுக்கக்கூடாது" என்றார். அப்படி அந்த ஆண்டு முழுவதும் நாங்கள் பாதி ஆட்டம் தொண்டை கிழியப் பாடுவதும் மீதிப் பாதி வாயை மூடிச் சாப்பிடுவதுமாக இருந்தோம். வெளியூர் அணி ஒன்றின் தாய் எங்களிடம் வந்து, ஏன் திடீரென்று பேசாமல் போய்விட்டீர்கள், தங்கள் பையன்கள் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டார்களா என்று கவலையோடு விசாரித்தார்.

இதையெல்லாம் அவர் ஜப்பானில், படித்த நகரத்தின் அணியிடமிருந்து கொண்டுவந்தார். மேற்குக் கடலோரத்தில் பனி கொட்டும் ஒரு துறைமுக நகரம் அது. அணியை எல்லோரும் நாரைகள் என்பார்கள். சனிக்கிழமைகளில் ஜப்பானில் பிற்பகல் ஆட்டம் என்றால் எங்களுக்குக் காலை ஏழு மணி. தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் வழியில் நானும் ஜெருஷாவும் அவர் வீட்டுக்குப் போய் மடிக்கணினியில் பார்ப்போம். நான் அதற்கு முன்பே நகர நூலகத்தில் ஜப்பானிய பேஸ்போல் பற்றிய தடித்த ஜேர்மன் புத்தகம் ஒன்றை எடுத்து வாசித்துக் குறிப்புகளோடு போயிருந்தேன். அக்கா பின்னாலிருந்த சொல்லடைவைப் புரட்டிவிட்டு, "நம்ம டீம் பத்தி ஒரு வரி இல்ல. ரொம்பப் பெரிய புக்கு, ரொம்பச் சின்ன மனசு" என்று மூடிக் கொடுத்தார்.

புத்தகத்தில் இல்லாத வரலாற்றை அவர்தான் சொன்னார். அந்த நகரத்தில் முன்பு வேறொரு அணி இருந்தது. மீன் பதனிடும் கம்பனி ஒன்று அதை நடத்தியது. கம்பனி நொடித்ததும் அணியைப் பெருநகரத்துக்கு விற்றுவிட்டார்கள். மைதானம் பூட்டப்பட்டது. ஆனால் ஒவ்வொரு இளவேனிலிலும், ஆட்டப் பருவம் தொடங்கும் நாளில், பழைய ரசிகர்கள் பறையோடும் ட்ரம்பெட்டோடும் பூட்டிய வாசலுக்கு முன்னால் கூடினார்கள். அங்கே ஒவ்வொரு வீரனுக்கும் சொந்தமாக ஒரு பாட்டு உண்டு. போய்விட்ட வீரர்களின் பாட்டுகளை, மட்டை பிடிக்கும் வரிசையிலேயே, ஒன்றுவிடாமல் வாசித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படியே செய்தார்கள். பிறகு ஒரு நாள் நாரைகள் வந்தார்கள்.

"அணியே இல்லாம ஆருக்குப் பாடினவை?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல. கை மறந்துரக்கூடாதுல்ல. ஆளு பின்னால வரும்."

திரையில் பச்சைக் கூட்டம் அலையடித்தது. யாரோ பறையடிப்பதைக் காட்டி, "அந்தா, ஹாரு, அங்க எங்கூடப் பாடுனவ. நல்லா வெயிட் போட்டுட்டா" என்று சிரித்தார். எனக்கு அந்த ஹாருவைப் பிடிக்கவில்லை. அந்த நகரத்தையே பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் டோர்ட்மண்டில் பிறந்தவள். இங்கே எண்பதாயிரம் பேர் மஞ்சள் உடுப்போடு காற்பந்துக்குப் போகும்போது அதே ரயிலில் புத்தகத்தோடு ஓரமாக நின்றிருக்கிறேன். எந்தக் கூட்டமும் என்னை நம்முடையவள் என்று இழுத்துக்கொண்டதில்லை. தூத்துக்குடியிலிருந்து போன ஒருவரை, மொழி தெரியாதவரை, ஒரு மீன்பிடி நகரம் எப்படித் தன் பாட்டுக்குள் எடுத்துக்கொண்டது? ஏன் அவரை மட்டும்? இதை நான் கேட்கவில்லை. தமிழ்ப் பாடசாலைக்கு நேரமாகிறது என்று எழும்பினேன்.

எங்கள் கழகத்து வீரர்கள் எல்லோருக்கும் அவர் பாட்டுக் கட்டினார். பாட்டுக் கிடைக்கும்வரை ஒருவருக்குப் பொதுப்பாட்டு. அதை நாரைகளிடமிருந்தே எடுத்துத் தமிழாக்கியிருந்தார்: "அடி, அடி, இன்னார் அடி, கடல் பாத்துக்கிட்டிருக்கு." இன்னார் என்ற இடத்தில் வருபவரின் பெயரைப் போட வேண்டும். டோர்ட்மண்டில் கடல் எங்கே என்று கேட்டோம். "கால்வாய் இருக்குல்ல, அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார். ஜேர்மன்காரர்கள் அத்தனை பேரும் அதைத் தமிழிலேயே பாடினார்கள். ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது.

ஜெருஷா தேவாலய இசைக்குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவள். அதனால் ட்ரம்பெட் அவளுக்கு. பறையைப் பிரியா அக்கா எடுத்துக்கொண்டார். எனக்கு என்ன என்று கேட்டேன். ஆதரவுக் குழுவின் தலைவர் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும், மைதானத்துக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும் என்பது அங்கத்தைய வழக்கம். அவருடைய வேலை கூட்டம், ஆட்டமில்லை. எங்களுக்குத் தலைவர் அக்காதான். எனவே ஆட்டத்தில் என்ன நடக்கிறதென்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். "நீ முன்வரிசையில நேரா எனக்கு எதிர நில்லு. கத்தாத. பாரு. பாத்து எனக்குச் சொல்லு" என்றார்.

அதை ஒரு வேலையாகவே நான் எண்ணவில்லை. ஜெருஷாவுக்குக் கையில் பித்தளை மின்னியது. எனக்கு வெறும் கை. "ரெண்டு பேர் அவுட், அன்ரன் ரெண்டாவது தளத்தில" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். சில ஆட்டங்களுக்குப் பிறகு அவர் "ம்" போடுவதை நிறுத்திவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே கையை உயர்த்துவார், அல்லது அடுத்த பாட்டுக்கு ஜெருஷாவுக்குச் சைகை காட்டுவார். என் குரல் அவருக்குத் தேவைப்படவில்லை என்று நினைத்து நானும் சொல்வதை விட்டுவிட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜெருஷா பெண்கள் அணியில் சேர்ந்ததும் அவளுக்கும் சொந்தப் பாட்டு வந்தது. மேலே ஏறி ஏறிப் போகும் பாட்டு. அதை அவளே பாடசாலை நடைபாதையில் சீட்டியடித்துக்கொண்டு போவாள். எனக்குப் பந்து பிடிக்க ஏலாது. ஆனாலும் பருவம் முடிகிற நாளில் ரசிகர்களும் மட்டை பிடிக்கும் விளையாட்டு ஆட்டத்தில் பெயர் கொடுத்தேன். அவர் எனக்காக ஏதாவது கட்டி வைத்திருப்பார் என்று நம்பினேன். மட்டையோடு நின்றேன். பறை தொடங்கியது. "அடி, அடி, அபி அடி." பொதுப்பாட்டு. நான் மூன்று முறை காற்றை அடித்துவிட்டு வந்தேன்.

அன்று அவரோடு கதைக்காமல் வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னட்டி மூஞ்சி?" என்றார்.

"எனக்கெண்டு ஒரு பாட்டு எழுத உங்களுக்கு விருப்பமில்லையோ?"

"எழுதுறது ஈஸி. ஆளு யாருன்னு தெரிஞ்சப்புறம் எழுதணும். அவசரத்துல கட்டுனா அது வேற யாரோட பாட்டாவோ ஆயிரும். அங்க பெரிய பெரிய பிளேயரே பொதுப்பாட்டுல ஓட்டியிருக்கான்."

"ஜெருஷாவை உடன தெரிஞ்சுதோ?"

"அவ ஈஸி. அவ டிரம்பெட் மாதிரியே இருக்கா." பிறகு என் கூந்தலில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டு, "அடுத்த சீசன் பாப்போம்" என்றார்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் அவர் நோயில் விழுந்தார். இளவேனிலில் முதல் ஆட்டம் அவரில்லாமல் நடந்தது. நாங்கள் மோசமாகத் தோற்றோம். மறுநாள் மருத்துவமனைக்குப் போகும் ரயிலில் ஜெருஷா ஒரு முடிவு எடுத்தாள். "இவ்வளவு வருத்தத்தோட கிடக்கிறவாவிட்ட தோத்துப்போனம் எண்டு சொல்லேலாது. வெண்டதெண்டு சொல்லுவம்." நானும் சரியென்றேன். கட்டிலின் பக்கத்தில் நின்று ஜெருஷா மிக நன்றாகச் சொன்னாள். அன்ரன் அடித்தான், மார்க்கோ ஓடினான், கடைசியில் வென்றோம் என்றாள். அக்கா அவள் பக்கம் திரும்பவேயில்லை. முழு நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும் என்னிடம், "எவ்வளவுல தோத்தோம்?" என்று கேட்டார்.

நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. ஜெருஷா என்னை முறைத்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. அதன் பிறகு நான் முதல் பந்திலிருந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய இடமெல்லாம் "ம், அப்புறம்?" என்றார். போகும் நேரம் ஜெருஷாவிடம்தான், உதட்டாலேயே நாரைகளின் தொடக்கப் பாட்டை ஊதச் சொன்னார். அவளும் ஊதினாள், தாதி வந்து எட்டிப் பார்க்கும்வரை. நான் மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றேன். என் பாட்டைப் பற்றிக் கேட்க வாயில் வந்தது. அந்த அறையில் அதைக் கேட்க முடியவில்லை.

அவருடைய உடல் தூத்துக்குடிக்குப் போனது. இங்கே கழகத்தின் கட்டடத்தில் நாம் கூடினோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசினீர்கள், நான் ஒவ்வொருவரிலும் பொறாமைப்பட்டேன். அவருடைய அண்ணன் தூத்துக்குடியிலிருந்து திரையில் வந்து, சின்ன வயதில் உப்பளத்துப் பாதையில் அவரைச் சைக்கிளில் ஏற்றிப்போனதைச் சொன்னார். அந்தச் சைக்கிளிலும் பொறாமைப்பட்டேன். பிறகு அவருடைய பேராசிரியர் எழுந்தார். வெள்ளைத் தாடி, கறுப்பு உடுப்பு. தன்னுடைய ஆய்வுக்கட்டுரை ஏற்கப்பட்ட நாளில் நித்யா ஆய்வுகூடத்து வாசலில் நின்று பேராசிரியரான தனக்கென்றே ஒரு பாட்டுப் பாடினார் என்று சொல்லி, அதை ஜேர்மன் உச்சரிப்பில் இரண்டு வரி பாடியும் காட்டினார். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் அந்தப் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒருமுறையும் மட்டை பிடிக்காத மனிதர். அவருக்கும் பாட்டு.

அந்தத் துறைமுக நகரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டம் முடிந்து மைதானத்தை விட்டு வெளியேறிய பிறகு, வென்றாலும் தோற்றாலும், ரசிகர்கள் வாசலுக்கு வெளியே மறுபடி கூடி எல்லா வீரர்களின் பாட்டையும் முதலிலிருந்து வாசிப்பார்கள். இரண்டாம் கூடல் என்று அக்கா சொல்வார். உரைகள் முடிந்ததும் வீரர்கள் வெளியே புல்லில் வந்து நின்றார்கள். பறை வந்தது. மட்டை பிடிக்கும் வரிசையில் தொடங்கும் முன், கடைசியில் அக்காவுக்கு எதை வாசிப்பது என்ற கேள்வி வந்தது. அவருக்கென்று ஒரு பாட்டு இல்லை. தனக்கு அவர் கட்டிக்கொள்ளவில்லை. ஜெருஷா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். புதிதாக ஒன்று எழுதியிருந்தாள்.

"வேண்டாம். பொதுப்பாட்டைப் பாடுவம்" என்றேன்.

"பொதுப்பாட்டோ? அவாவுக்கோ? உனக்கு விசரோ?"

"ஆளைத் தெரிஞ்ச பிறகுதான் பாட்டுக் கட்டவேணும் எண்டு அவாதான் சொன்னவா. அவாவை உனக்கு முழுசாத் தெரியுமோ? எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாட்டி வேற ஆருக்கடி தெரியும்?" ஜெருஷாவின் குரல் உடைந்தது. "முழு மட்ச்சும் உன்ர முகத்தைத்தானே பாத்துக்கொண்டு நிண்டவா. நான் பக்கத்தில நிண்டு சொண்டு வீங்க ஊதினன். கையைக் காட்டுவா, திரும்பிப் பாக்கமாட்டா. ஆஸ்பத்திரியிலயும் உன்னைத்தான். நீ பொய்யைக்கூடச் சொல்லேல்லை, சும்மா நிண்டனீ."

பிரியா அக்கா பறைக்கோலை இறக்கிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெருஷா என்னில் பொறாமைப்பட்டிருக்கிறாள். இத்தனை காலமும், அந்தப் பித்தளையைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அழுகையும் வந்தது. எது முன்னால் வந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஜெருஷா தாளை மடித்து வைத்துவிட்டாள். அன்ரனின் பாட்டு, மார்க்கோவின் பாட்டு, வரிசையாக எல்லாம் வாசித்தோம். பேராசிரியரும் வரிசையில் வந்து நின்றார். கடைசியில் பறை தனியாகத் தொடங்கியது. "அடி, அடி, நித்யா அடி, கடல் பாத்துக்கிட்டிருக்கு." ஒருவருக்கும் அர்த்தம் தெரியாமல் அத்தனை ஜேர்மன்காரரும் பாடினார்கள். அவருடைய பெயர் அந்த இடத்தில் அளவாகப் பொருந்தியது. என்னுடைய பெயர் இருந்த இடமும் அதுதான் என்பது பாடிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

இப்போது தலைவரின் இடம் வெறுமையாக இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கு என்னை அங்கே நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒருமுறை நின்று பார்த்தேன். எதிரே ஜெருஷா, பிரியா அக்கா, சொசேஜ் சாப்பிடும் ஆட்கள், பின்னால் வேலி. முதுகுக்குப் பின்னால் மட்டை பந்தில் படுகிற சத்தம் கேட்டது. பந்து எங்கே போகிறதென்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் கழுத்து இழுத்தது. அப்போதுதான் விளங்கியது. சனிக்கிழமை காலையில் கோப்பித் தண்ணியைக்கூடக் குடிக்க மறந்து திரையோடு ஒட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர், எங்கள் அணி மட்டை பிடித்தபோது ஒரு பந்தையும் இந்த மைதானத்தில் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். அன்ரன் அடித்த பந்து வேலிக்கு மேலால் பறந்து பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிச் செடிகளுக்குள் விழுந்தது. மார்க்கோ குப்புற விழுந்து தளத்தைத் தொட்டபோது அவன் பல்லில் மண் இருந்தது. அவருக்கு அவையெல்லாம் என் முகமாகத்தான் போய்ச் சேர்ந்தன.

நான் முன்வரிசைக்கே திரும்பி வந்துவிட்டேன். தலைவருக்கு வேறு ஆளைப் பார்க்கட்டும். அக்காவிடமிருந்து எனக்கு ட்ரம்பெட் வரவில்லை, பறை வரவில்லை, பாட்டும் வரவில்லை. அவர் பார்க்காத பந்துகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஜெருஷா கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். கொடுக்கமாட்டேன்.